நகரும் வீடும் நிற்கும் கோளும்

ஓரிடத்தில் இருப்பது என்றால் என்ன என்ற கேள்வியைச் சமயங்கள் பெரும்பாலும் இரண்டு மனிதர்களை முன்னிறுத்தியே கேட்டு வந்திருக்கின்றன: வீட்டில் இருப்பவன் ஒருவன், வீட்டைத் துறந்து அலைபவன் மற்றொருவன். வீட்டைத் துறக்காமலேயே அலைபவன், அதாவது அடுப்பும் படுக்கையும் கழிப்பறையும் தண்ணீர்த் தொட்டியும் கொண்ட வீட்டைச் சக்கரங்களின்மேல் ஏற்றி உடன்கொண்டு செல்பவன், இந்தப் பாகுபாட்டில் எங்கும் அடங்குவதில்லை. மந்தை மேய்த்த குடிகள் கூடாரத்தோடு இடம்பெயர்ந்தன என்றாலும் அது பிழைப்பின் கட்டாயம். கட்டாயம் ஏதுமின்றி, விருப்பத்தால், வீட்டோடு அலைவது 20ஆம் நூற்றாண்டின் வட அமெரிக்காவில் பெருகிய வழக்கம். அங்கே அத்தகைய வண்டியை ஆர்.வி. என்பர்; பொழுதுபோக்கு ஊர்தி என்பது அந்தச் சுருக்கப் பெயரின் பொருள். தமிழ்த் திரைப்படப் படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் கேரவன் அதற்கு நெருங்கிய உறவு என்றாலும், கேரவனில் எவரும் குடியிருப்பதில்லை, ஆர்.வி.யில் ஆண்டுக்கணக்கில் குடியிருப்போர் உண்டு. அந்த வண்டியின் அருகே, மண்ணில் ஊன்றிய முக்காலியின்மேல், தொலைக்காட்சிக்கான சிறு டிஷ் ஒன்றைத் திசை பார்த்து நிறுத்தும் செயல் முதற்பார்வைக்கு அற்பமானதாகவே தோன்றும். இருத்தல் பற்றிய பழைய கேள்வியின் பெரும்பகுதி அந்தச் செயலுக்குள் மடிந்து கிடக்கிறது.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கலிஃபோர்னியா எல்லைக்கு அருகே, குவார்ட்ஸைட் என்றொரு சிற்றூர் உண்டு. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அங்கே நிலையாக வாழ்வோர் ஏறத்தாழ 2,400 பேர். குளிர்காலத்திலோ வடக்கின் பனியிலிருந்து தப்பித் தெற்கே வரும் ஆர்.வி. வாசிகள், பனிப்பறவைகள் என்று அமெரிக்கர்கள் அழைக்கும் முதியோர், அந்தப் பாலைவெளியெங்கும் வந்து நிறைகிறார்கள். மைய அரசின் நில மேலாண்மைத் துறை ஊருக்குத் தெற்கே லா போசா என்ற பரப்பை இவர்களுக்கென ஒதுக்கி, செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்க, பல ஆண்டுகளாக 180 டாலர் கட்டணத்தில் அனுமதி வழங்கி வந்திருக்கிறது. அதற்கு வெளியே உள்ள பொதுநிலத்தில் தங்கினால் பொதுவாக 14 நாளில் இடம் மாற வேண்டும். வண்டிகள் நிற்கும் இடங்களில் மின்கம்பம், குழாய் இணைப்பு, வேலி ஏதும் இல்லை. கூரையிலுள்ள சூரியத் தகடும் வண்டியின் அடிவயிற்றிலுள்ள பேட்டரியும்தான் விளக்கெரிக்கின்றன. சரளைக் கற்களும் பாலோவெர்தே என்னும் பச்சைப்பட்டை மரங்களும் சகுவாரோக் கள்ளிகளும் மட்டுமே உள்ள அந்த வெளியில் அந்தி சாய்ந்ததும், வண்டி ஒவ்வொன்றின் சன்னலிலும் தொலைக்காட்சியின் நீல ஒளி துடிக்கத் தொடங்கும்.

இதற்கு எதிரான முறையீட்டை யாரும் எளிதில் ஊகிக்கலாம்: வீட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்தது தொலைக்காட்சி பார்ப்பதற்காகவா? இந்த முறையீட்டுக்குத் தத்துவ வடிவம் தந்தவர்களுள் முதன்மையானவர் ஜெர்மானியச் சிந்தனையாளர் மார்ட்டின் ஹைடெகர். பொருள் என்பது யாது என்று ஆராயும் 1950ஆம் ஆண்டின் சொற்பொழிவிலேயே, தூரம் என்பதற்கே இடமில்லாமற் செய்யும் போக்கின் உச்சமாக அவர் தொலைக்காட்சியைக் குறிப்பிட்டார். தூரம் சுருங்கியதனால் அண்மை பிறந்துவிடுவதில்லை என்பது அங்கே அவருடைய வாதம். 1961இல், தம் சொந்த ஊரான மெஸ்கிர்ஹின் 700ஆம் ஆண்டு விழாவில் பேசியபோது இன்னும் வெளிப்படையாக, கூரைகளின்மேல் வரிசைவரிசையாக முளைத்திருக்கும் ஆன்டெனாக்கள், மனிதர்கள் எங்கே குடியிருப்பதாகத் தோன்றுகிறார்களோ அங்கே அவர்கள் உண்மையில் இல்லை என்பதற்கான அடையாளம் என்றார். அதே ஹைடெகர் பிற்காலத்தில் கால்பந்தாட்டம் பார்க்க அண்டைவீட்டுத் தொலைக்காட்சியை நாடிச் சென்றார் என்பதை அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்லத் தவறுவதில்லை. ஆனால் ஒரு மனிதரின் பலவீனம் அவருடைய வாதத்துக்கு மறுப்பாகிவிடாது.

அந்த வாதத்தை அமெரிக்க மண்ணுக்குக் கொண்டுவந்து கூர்மைப்படுத்தியவர், மான்டானா பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்த ஆல்பர்ட் போர்க்மன். 1984இல் வெளிவந்த தம் நூலில் அவர் மனிதன் கையாளும் பொருள்களை இரண்டாகப் பிரித்தார். கணப்படுப்பு ஒரு வகை: விறகு பிளப்பது ஒருவர், தீ மூட்டுவது ஒருவர், சுற்றி அமர்வது குடும்பம் என்று உழைப்பையும் உறவையும் பருவகாலத்தையும் அது தன்னைச் சுற்றித் திரட்டுகிறது. சுவரில் பதித்த வெப்பமூட்டி மற்றொரு வகை: வெப்பத்தை மட்டும் தந்துவிட்டு, அந்த வெப்பம் எப்படி வந்தது என்பதைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. முன்னதை அவர் குவிமையப் பொருள் என்றும் பின்னதை வெறும் சாதனம் என்றும் வேறுபடுத்தினார். குவிமையம் என்பதற்கு அவர் ஆண்ட ஃபோகஸ் என்ற சொல் லத்தீனில் அடுப்பைக் குறிப்பது. சாதனம் என்ற வகைக்கு அவருக்குக் கிடைத்த மிகச் சிறந்த சான்று தொலைக்காட்சி: பொத்தானை அழுத்தினால் உலகம் வரும், அழுத்தியவரிடமிருந்து எதையும் அது கேட்பதில்லை.

வரவேற்பறையில் நிலையாக இருக்கும் பெட்டியைப் பொறுத்தவரை இந்த விவரிப்பு சரியே. பாலையில் முக்காலியின்மேல் நிற்கும் டிஷ்ஷுக்கு இது பொருந்துகிறதா என்பதைச் சொல்ல, அந்த வேலை எப்படி நடைபெறுகிறது என்பதைக் கிட்டே சென்று பார்க்க வேண்டும்.

செயற்கைக்கோள் தொலைக்காட்சி பூமத்தியரேகைக்கு நேர்மேலே 35,786 கி.மீ. உயரத்தில் சுற்றும் கோள்களிலிருந்து வருகிறது. அந்த உயரத்தில் ஒரு கோள் நொடிக்கு 3 கி.மீ.க்குச் சற்று அதிகமான வேகத்தில் சென்று, பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொள்ளும் அதே 23 மணி 56 நிமிடத்தில் ஒரு சுற்றை முடிப்பதால், தரையில் நிற்பவருக்கு அது வானத்தில் ஓரிடத்தில் அறைந்து வைத்ததுபோல் அசையாமல் நிற்கிறது; புவிநிலைச் சுற்றுப்பாதை என்று இதற்குப் பெயர். பூமியெங்கும் செய்தி அஞ்சல் செய்ய இத்தகைய கோள்களைப் பயன்படுத்தலாம் என்று, பிற்காலத்தில் இலங்கையைத் தம் வாழ்விடமாகக் கொண்ட ஆர்தர் சி. கிளார்க் 1945 அக்டோபரில் ஒரு வானொலிப் பொறியியல் இதழில் எழுதினார். 1964இல் டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகளின் காட்சிகள் சின்காம் 3 என்ற புவிநிலைக் கோள் வழியாக அமெரிக்காவை எட்டின. 1994இல் டைரக்டிவி நிறுவனம், மேற்குத் தீர்க்கரேகை 101 பாகையில் நிற்கும் கோள்களிலிருந்து, அரை மீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள டிஷ்களுக்கு ஒளிபரப்பத் தொடங்கியது. கையில் தூக்கிச் செல்லக்கூடிய அளவுக்கு டிஷ் சிறுத்த பிறகுதான் ஆர்.வி. வாசிக்கு இந்தக் கதையில் இடம் கிடைத்தது. நிலையானது என்று இங்கே சொல்லப்படுவது, ஓயாத ஓட்டம் மற்றோர் ஓட்டத்தோடு பிசகாமல் ஒத்துப்போவதன்றி வேறில்லை என்பதையும் கவனத்தில் வைக்கலாம்.

வண்டியை நிறுத்தியவர் முதலில் டிஷ்ஷின் முக்காலியை மட்டம் பார்த்து ஊன்ற வேண்டும். கொத்தனார் கையிலுள்ள ரசமட்டத்தில் போலவே அதன் தலையிலும் ஒரு சிறு குமிழ் இருக்கும். குமிழ் நடுவில் நிற்கும்வரை மூன்று கால்களையும் ஏற்றி இறக்க வேண்டும், ஏனெனில் நடுத்தண்டு செங்குத்தாக இல்லாவிட்டால் அதன் பக்கத்தில் பொறித்திருக்கும் பாகை அளவுகள் அனைத்தும் பொய்யாகிவிடும். காற்று அடித்துச் செல்லாதிருக்க, நீர் நிரப்பிய பிளாஸ்டிக் கேன் ஒன்றை முக்காலியின் நடுவில் தொங்கவிடுவது வழக்கம். பிறகு பெட்டியின் திரையில் தாம் நிற்கும் ஊரின் அஞ்சல் குறியீட்டு எண்ணை, குவார்ட்ஸைட் என்றால் 85346 என்று, பதிய வேண்டும். அது இரண்டு எண்களைத் திருப்பித் தரும். வடக்கிலிருந்து வலமாக அளக்கும் திசைக்கோணம் ஒன்று. தொடுவானத்திலிருந்து மேல்நோக்கி அளக்கும் ஏற்றக்கோணம் மற்றொன்று. 101 பாகைக் கோளுக்குக் குவார்ட்ஸைட்டில் அவை முறையே ஏறத்தாழ 157, 48 பாகை. திசைகாட்டியின் முள்ளோ மெய் வடக்கைக் காட்டுவதில்லை. அந்த வட்டாரத்தில் அது கிழக்கே சுமார் 10 பாகை விலகி நிற்பதால், 157க்குப் பதில் 147இல் டிஷ்ஷைத் திருப்ப வேண்டும். வண்டியின் இரும்புச் சட்டம் முள்ளை ஏமாற்றும் என்பதால் சில அடி தள்ளி நின்றே திசை பார்க்க வேண்டும். தெற்கே அண்டை வண்டி நின்றால், அது டிஷ்ஷைவிட 3 மீட்டர் உயர்ந்ததாக இருக்கும்பட்சத்தில், ஏறத்தாழ 3 மீட்டராவது விலகியிருக்க வேண்டும்.

இதற்குப் பிறகுதான் நுட்பமான வேலை. அலைகளைத் திரட்டி வாங்கும் எல்.என்.பி. என்னும் சிறு கொம்பு, கிண்ணத்தின் குறுக்கே நின்று மறைக்காதபடி கீழேயிருந்து நீண்ட ஒரு கையில் பொருத்தப்பட்டிருக்கும். அந்த அமைப்பின் விளைவாகக் கிண்ணம் தான் நோக்கும் இடத்தைவிட 20 பாகைக்கும் அதிகமாகத் தாழ்ந்து பார்ப்பதுபோல் காட்சி தரும், வானத்தை விட்டுவிட்டு எதிரிலுள்ள மலையை வெறிப்பதுபோல. ஒருவர் வெளியே கிண்ணத்தை மயிரிழை அளவு திருப்ப, மற்றொருவர் உள்ளே திரையில் தெரியும் அலைவலிமை எண்ணைச் சன்னல் வழியாக உரக்கப் படிப்பார்: பூச்சியம், பூச்சியம், 32, 60, தாண்டிவிட்டது, திரும்பு. கோள் இருக்கும் தொலைவில் ஒரு பாகைப் பிசகு என்பது ஏறத்தாழ 650 கி.மீ. விலகல். பல தம்பதிகளின் பொறுமை சோதிக்கப்படும் நேரம் இது. எல்.என்.பி. இருக்கும் புள்ளி, வளைவில் பட்ட கதிர்களெல்லாம் வந்து கூடும் குவியம். அந்தப் புள்ளிக்கு அடுப்பு என்று பொருள்படும் அதே லத்தீன் சொல்லை 1604இல் சூட்டியவர் வானியலாளர் கெப்ளர். போர்க்மன் தம் கணப்படுப்புக்கு எடுத்துக்கொண்ட சொல்லும் தொலைக்காட்சி டிஷ்ஷின் குவியப்புள்ளியின் பெயரும் ஒன்றாகவே அமைந்திருக்கின்றன. அந்தப் பொருத்தத்தைக் கவனித்தால் வாதம் சற்றுத் தடுமாறும். விறகு பிளப்பதற்கும் தீ மூட்டுவதற்கும் ஈடான உழைப்பும், இருவர் சேர்ந்து செய்யும் கட்டாயமும், இடத்தைப் பற்றிய அறிவும் இந்த டிஷ்ஷைச் சுற்றித் திரள்கின்றன. தொலைவிலுள்ளதை வாங்க வேண்டுமானால் முதலில் தான் நிற்கும் இடம் எது என்று சொல் என்பதே அது விதிக்கும் நிபந்தனை.

இந்த நிபந்தனையைச் சமய உலகம் நெடுங்காலமாக அறியும். இஸ்லாமியத் தொழுகைக்கு மக்காவிலுள்ள கஅபாவை நோக்கும் கிப்லா திசை வேண்டும் என்பதால், அந்தத் திசையைக் கணிப்பது இடைக்கால வானியலின் உயர்ந்த சிக்கல்களுள் ஒன்றாக இருந்தது. வானியல் அறிஞர் அல்பிரூனி 1025இல் முடித்த நூலொன்றில் கஸ்னா நகரின் கிப்லாவைக் கணிப்பதற்காகவே, அந்நகரின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கண்டறியும் முறைகளை விரிவாக ஆராய்ந்தார். மக்கா எங்கே என்று அறிந்தால் போதாது, நிற்கும் இடம் எங்கே என்று அறிய வேண்டும் என்பது அந்தக் கணக்கின் அடிப்படை. குவார்ட்ஸைட்டில் இந்த ஒப்புமையை வலிந்து தேட வேண்டியதில்லை. அந்த ஊரின் இடுகாட்டில் உச்சியில் உலோக ஒட்டகத்தைத் தாங்கிய கற்கூம்பு ஒன்று நிற்கிறது. 1856இல் அமெரிக்க ராணுவம் இறக்குமதி செய்த ஒட்டகங்களோடு வந்திறங்கி, 1902இல் அப்பகுதியிலேயே இறந்த ஹாஜி அலி என்ற ஒட்டகப் பாகனின் நினைவிடம் அது. ஹஜ்ஜுப் பயணம் முடித்தவருக்குரிய பட்டம் அவர் பெயரின் முன்னொட்டு. அமெரிக்கப் படைவீரர்களின் நாக்கில் அது ஹை ஜாலி என்று உருமாறியது. அந்த இடுகாட்டிலிருந்து கிப்லா, பூமியின் வளைவைப் பின்பற்றிக் கணித்தால், வடக்கிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 28 பாகை. தொலைக்காட்சிக் கோளோ தென்கிழக்கே.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒற்றுமையைவிட முக்கியமானது. திசை தெரியாத பயணி தன்னால் இயன்றவரை ஆராய்ந்து ஒரு பக்கம் நோக்கித் தொழுதால், பின்னர் அது தவறான திசை என்று தெரியவந்தாலும் தொழுகை செல்லும் என்பது சட்ட அறிஞர் பலரின் முடிவு. ஊர்தியின்மேல் செல்பவர் உபரித் தொழுகையை ஊர்தி போகும் பக்கம் நோக்கியே நிறைவேற்றலாம். எண்ணத்தின் தூய்மை பாகையின் பிசகை மன்னிக்கிறது. டிஷ்ஷிடம் இந்த மன்னிப்பு கிடையாது. சில பாகை விலகினால் திரை கறுப்புத்தான், வைத்தவருடைய எண்ணம் எவ்வளவு நல்லதானாலும். தொழுகையில் மனிதன் திரும்புகிறான். டிஷ் வாங்க மட்டுமே செய்கிறது, அதிலிருந்து மேலே எதுவும் போவதில்லை. எனவே திசை பார்க்கும் செயலை வழிபாட்டோடு இணைவைப்பது மிகை. வழிபாடு கேட்கும் முதற்கேள்வியை இந்த எந்திரமும் கேட்கிறது என்ற அளவில் ஒப்புமையை நிறுத்திக்கொள்வதே முறை.

வாங்கியதும் என்ன கிடைக்கிறது என்பது தனிக் கதை. சியாட்டிலிலிருந்து வந்த முதியவர் தம் ஊரின் மாலைச் செய்தியையும் வானிலையையும் பார்க்க விரும்புவார். ஆனால் உள்ளூர் நிலையங்களைக் கோள்கள் நாடு முழுவதும் பொழிவதில்லை; ஒவ்வொரு நகரத்தின் நிலையங்களையும் அந்நகரைச் சுற்றிய சில நூறு கி.மீ. பரப்பின்மேல் மட்டும் விழும் குறுங்கற்றையாக அனுப்புகின்றன. சொந்த ஊரின் எல்லையைத் தாண்டியவருக்குச் சொந்த ஊர் வானத்திலும் கிடைக்காது. இந்தச் சிக்கலை அமெரிக்கச் சட்டம் தன் பாணியில் தீர்த்திருக்கிறது. 1999இல் திருத்தப்பட்ட செயற்கைக்கோள் ஒளிபரப்புச் சட்டத்தின்படி, ஆர்.வி. வைத்திருப்பவர் வண்டிப் பதிவுச் சான்றின் நகலோடு, தம் வாங்கிச் சாதனம் எந்த நிலையான குடியிருப்பிலும் பயன்படுத்தப்படாது என்று கையொப்பமிட்டு அறிவித்தால், வேறு நகரத்து நிலையங்களை, பெரும்பாலும் நியூயார்க்கினுடையவற்றையும் லாஸ் ஏஞ்சலஸினுடையவற்றையும், பெறலாம். அதற்காகச் சட்டம் அவரை ஒளிபரப்பு எட்டாத இல்லம் என்ற வகையில் சேர்க்கிறது. இல்லமில்லாத இடத்தில் இருப்பதாக உறுதிமொழி தந்தவரை இல்லம் என்றே சட்டம் பெயரிட்டு ஏற்றுக்கொள்ளும் இந்த முரண், மெய்யியலார் யாரும் திட்டமிட்டு அமைத்திருக்க முடியாத அளவுக்கு நேர்த்தியானது. அதன் பயனாகச் சியாட்டில்காரர் அரிசோனாப் பாலையில் அமர்ந்து நியூயார்க்கின் போக்குவரத்து நெரிசலைக் கேட்டறிகிறார். வண்டியிலேயே ஆண்டு முழுவதும் வாழ்வோருக்கு இன்னொரு புனைவும் தேவைப்படுகிறது: ஓட்டுநர் உரிமத்துக்கும் வாக்குரிமைக்கும் ஒரு முகவரி வேண்டும் என்பதால், டெக்சாஸின் லிவிங்ஸ்டன் போன்ற ஊர்களில் கடிதங்களை வாங்கி அனுப்பிவைக்கும் அமைப்புகளின் முகவரியில் பல்லாயிரம் பேர் குடியிருக்கிறார்கள், ஒருநாளும் அங்கே உறங்காமலேயே.

வீடு என்ற சொல்லைத் தமிழ் இந்த இடத்தில் வேறுவிதமாக விளங்கிக்கொள்கிறது. விடு என்ற வினையிலிருந்து பிறந்த அந்தச் சொல் குடியிருக்கும் கட்டடத்தையும் குறிக்கும், அறம் பொருள் இன்பங்களுக்குப் பின் வைக்கப்படும் விடுதலையையும் குறிக்கும். ஊர் என்பது பெயராக நின்றால் நிலைத்த இடம், வினையாக நின்றால் நகர்தல். இவற்றின் வேர்கள் ஒன்றா என்பது மொழியியலார் தீர்க்க வேண்டியது. சொல்லின் வேரைத் தோண்டி மெய்யியல் செய்யும் ஹைடெகரின் பழக்கம் பல இடங்களில் நம்பத்தகுந்ததாகவும் இல்லை. ஆயினும் இரு என்ற எளிய வினை ஒன்றே உட்கார்தலையும் தங்குதலையும் உளதாதலையும் ஒருசேரச் சுட்டும் மொழியில், இருத்தல் பற்றிய கேள்வியை இடம் பற்றிய கேள்வியிலிருந்து பிரிப்பது கடினம்.

தங்குதலைப் பற்றிச் சமயங்கள் ஒரே குரலில் பேசவில்லை. தமிழ்க் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என்று வணங்கும் புனித பெனடிக்ட், 6ஆம் நூற்றாண்டில் துறவு மடங்களுக்கு வகுத்த ஒழுங்கின் முதல் இயலிலேயே நால்வகைத் துறவியரைப் பிரித்து, மடம் மடமாகச் சென்று மூன்று நான்கு நாள் விருந்துண்டு திரிபவர்களை எல்லாரிலும் கீழாக வைத்தார். அவருடைய மடத்தில் சேர்பவர் ஓரிடத்தில் நிலைத்திருப்பதாகவே உறுதிமொழி எடுக்க வேண்டும். இந்தியத் துறவு மரபோ இதற்கு நேரெதிரான ஐயத்தைக் கொண்டது. தங்கினால் பற்று வரும் என்று அஞ்சியே, அலைந்து திரியும் துறவியாகிய பரிவிராஜகன் ஓர் ஊரில் நெடுநாள் தங்கலாகாது என்றும் மழைக்காலத்தில் மட்டும் சாதுர்மாஸ்யமாக ஓரிடத்தில் இருக்கலாம் என்றும் அது விதித்தது. கீதையின் 12ஆம் அத்தியாயம் பக்தனுக்குச் சொல்லும் அடைகளுள் ஒன்று அநிகேதன், வீடற்றவன் என்பது. அமெரிக்க அரசின் 14 நாள் விதி துறவியின் விதியை ஒத்திருப்பது வேடிக்கைதான் என்றாலும், அரசு அஞ்சுவது மனத்தின் பற்றைக் குறித்தன்று, நிலத்தின் தேய்மானத்தைக் குறித்து. பெனடிக்ட் கண்டித்தது அலைவதில் ஒளிந்திருக்கும் தன்னலத்தை. இந்திய மரபு கண்டித்தது தங்குவதில் ஒளிந்திருக்கும் தன்னலத்தை. வீட்டையும் எடுத்துக்கொண்டு அலைபவர் இரண்டு கண்டனங்களுக்கும் ஒரே நேரத்தில் ஆளாகிறார்.

பெனடிக்டுக்கு முன்பே இக்கேள்வியை மிக நெருங்கிப் பார்த்தவர், 399இல் எகிப்தின் பாலையில் இறந்த எவாகிரியுஸ் என்ற துறவி. தனியறையில் வாழ்ந்த துறவியரைத் தாக்கும் தீய எண்ணங்களுள் மிகக் கொடியதாக அவர் அசீடியா என்பதைச் சொன்னார். சோம்பல், சலிப்பு, இடவெறுப்பு மூன்றும் கலந்த அந்த நோயை நண்பகற் பேய் என்றும் அழைத்தனர். முற்பகல் 10 மணி அளவில் தொடங்கிப் பிற்பகல் 2 மணிவரை அது பிடித்துக்கொள்ளும். பொழுது நகராததுபோல் காட்டும். துறவி ஓயாமல் சன்னலைப் பார்ப்பார், வெளியே வந்து சூரியன் எவ்வளவு நகர்ந்தது என்று பார்ப்பார், யாராவது வருகிறார்களா என்று பார்ப்பார், இந்த இடத்தைவிட வேறொரு இடம் நல்லது என்று நம்பத் தொடங்குவார். ஆர்.வி.யின் சாலையையும் அதன் தொலைக்காட்சியையும் சேர்த்தே விளக்கும் பகுதி இது. அறையை விட்டு வெளியேறத் தூண்டும் அந்தப் பேய் வண்டியை ஓட்டச் செய்கிறது. வெளியேறிய பிறகும் சன்னலைப் பார்க்கச் செய்யும் அதே பேய் வண்டிக்குள் ஒரு மின்சன்னலையும் வைக்கச் செய்கிறது. எவாகிரியுஸின் மருந்து எளியது, கசப்பானது: இருந்த இடத்தில் இரு.

ஆண்டுக்கு இருமுறை வானமே இந்த மருந்தைச் சில நிமிடம் புகட்டுகிறது. மார்ச் முதல் வாரத்திலும் அக்டோபர் முற்பகுதியிலும், சூரியன் நண்பகலை ஒட்டி, குவார்ட்ஸைட்டிலிருந்து பார்க்கும்போது சரியாகக் கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். சூரியனின் அலை இரைச்சலில் கோளின் மெல்லிய குரல் அமிழ்ந்து, படம் சிதறும். சில வேளை அற்றே போகும். டிஷ்ஷைக் கவனித்தால் கிண்ணத்தில் பட்டுத் திரும்பும் வெயில் எல்.என்.பி.யின்மேல் வந்து குவிவதைக் காணலாம். கிண்ணம் இதுவரை எங்கே நோக்கிக்கொண்டிருந்தது என்பதற்கு அந்நேரத்து ஒளியைவிடத் தெளிவான சான்று வேறில்லை. எவாகிரியுஸின் துறவி சூரியனைப் பார்க்க வெளியே வந்த அதே நாழிகை இது.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கையில், ஹைடெகரின் தீர்ப்பு சற்று அவசரமானது என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. பாலையில் தொலைக்காட்சி பார்ப்பவர் அங்கே இல்லை என்பது அவர் பார்க்கும் மூன்று மணி நேரத்தைப் பற்றி உண்மை. அதற்கு முன், ரசமட்டமும் திசைகாட்டியும் கையிலேந்தி நின்ற கால்மணி நேரத்தில், அந்த இடத்தின் அட்சரேகையையும் காந்தப்பிசகையும் காற்றின் வேகத்தையும் தெற்கே நிற்பது மரமா வண்டியா என்பதையும் அவர் அறிந்த அளவுக்கு அங்கு வந்த சுற்றுலாப்பயணி எவரும் அறிந்திருக்க மாட்டார். இழப்பு வந்தது தொலைக்காட்சியால் அன்று, அந்தக் கால்மணி நேரம் மறைந்ததால். கூரையின்மேல் பொருத்திய தானியங்கிக் கவிகைகள் பொத்தானை அழுத்தியதும் தாமே சுழன்று கோளைத் தேடிப் பிடிக்கின்றன; ஓடும் வண்டியிலேயே பிடிப்பவையும் உண்டு. 2022 முதல் ஆர்.வி.க்களுக்கு விற்கப்படும் ஸ்டார்லிங்க் என்னும் இணையத் தட்டோ ஏறத்தாழ 550 கி.மீ. உயரத்தில் விரைந்தோடும் பல்லாயிரம் கோள்களைத் தன் மின்னணுக் கற்றையால் மாறிமாறிப் பின்தொடர்கிறது. நிற்கும் கோளும் வேண்டாம், துல்லியமான திசையும் வேண்டாம், திறந்த வானம் இருந்தால் போதும். எங்கே இருக்கிறாய் என்ற கேள்வியை எந்திரம் தனக்குள்ளேயே கேட்டுத் தனக்குள்ளேயே விடை கண்டுகொள்கிறது. போர்க்மன் சாதனம் என்று பெயரிட்டது முழுமை பெறுவது இங்கேதான். முக்காலி வைத்திருந்த கடைசித் தலைமுறை, தாம் கற்றது ஒரு கலை என்று அறியாமலேயே அதைக் கைவிட்டுக்கொண்டிருக்கிறது.

ஏப்ரல் 15ஆம் நாள் லா போசாவில் அனுமதிக் காலம் முடிகிறது. கேன்களில் நிரப்பிய நீரைக் கொட்டிவிட்டு, முக்காலியை மடக்கி, வண்டிகள் வடக்கே திரும்புகின்றன. சியாட்டிலில் அதே கோள் தொடுவானத்திலிருந்து 31 பாகைதான் உயர்ந்து நிற்கும் என்பதால் கிண்ணத்தை அந்த அளவுக்குத் தாழ்த்த வேண்டும். கோள் நிற்கும் பக்கத்தில் 65 மீட்டருக்குள் 40 மீட்டர் உயரமுள்ள ஊசியிலை மரம் ஒன்று நின்றால் படம் வராது.